கர்ப்பப்பை அப்லேஷனுக்குப் பிறகு வரும் வலி: முதல் மணி நேரத்திலிருந்து முதல் வருடம் வரை

"வெளியில ஒரு தையல்கூட இல்லையே சிஸ்டர், அப்புறம் ஏன் இப்படி வலிக்குது?"

அதிக உதிரப்போக்குக்காக எண்டோமெட்ரியல் அப்லேஷன் (கர்ப்பப்பையின் உள்படலத்தைச் சூட்டால் பொசுக்கும் சிகிச்சை) செய்துகொண்டு வீட்டுக்குப் போனவர்களை மூன்றாம் நாள் போனில் விசாரிப்பது என் வேலைகளில் ஒன்று. அதிகம் காதில் விழுவது இந்தக் கேள்விதான். அடுத்தபடியாக வருவது ஆறேழு மாதம் கழித்து வரும் அழைப்பு: "ரத்தமே வரலை சிஸ்டர், ஆனா மாசாமாசம் அடிவயிறு பிடிச்சு இழுக்குது."

இந்த இரண்டும் வேறு வேறு வலி. முதலாவது நாளுக்கு நாள் குறைய வேண்டியது. இரண்டாவது புதிதாக முளைப்பது. அதற்குக் காரணம் தேட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் தேவையில்லாத இடத்தில் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டிய இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்கள். அதனால் நாட்களின் வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. தேதி குறிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டியவை

பின்னால் வரும் வலியில் பாதி இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. டாக்டர் கேட்கவில்லை என்றாலும் கீழே உள்ளதை நீங்களாகச் சொல்லுங்கள்.

குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்திருக்கிறீர்களா? நம் ஊரில் இரண்டாவது பிரசவத்தோடு சேர்த்துச் செய்துவிடுவதால் பலருக்கு அது தனி ஆபரேஷனாகவே நினைவில் இருப்பதில்லை. "வேற ஆபரேஷன் எதுவும் பண்ணலை" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பல மாதம் கழித்து வரும் ஒரு வகை வலிக்கு இதுதான் நேரடித் தொடர்பு. 10-ஆம் பகுதியில் விளக்குகிறேன்.

குடும்பக்கட்டுப்பாடு செய்யவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அப்லேஷன் கருத்தடை கிடையாது. பொசுக்கப்பட்ட கர்ப்பப்பையில் கரு தங்கினால் கருச்சிதைவு, நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரோடு ஒட்டிக்கொள்வது, பிரசவத்தில் கடும் உதிரப்போக்கு என்று தாய் உயிருக்கே ஆபத்து. இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் லேசாக இருந்தாலும் இந்தச் சிகிச்சை உங்களுக்கு இல்லை.

சிசேரியன் எத்தனை, கட்டி எடுத்த ஆபரேஷன் உண்டா? வழக்கமான, அடியில் குறுக்காகப் போடும் சிசேரியன் வெட்டு மட்டும் பெரும்பாலும் தடையாகாது. கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தாலோ, ஆழமாக இருந்த ஃபைப்ராய்டு கட்டியை எடுத்திருந்தாலோ அந்த இடத்தில் சுவர் மெலிந்திருக்கலாம். உள்ளே கொடுக்கும் சூடு மெலிந்த சுவரைத் தாண்டிக் குடலைத் தொட்டுவிடக் கூடாது.

உதிரப்போக்கோடு வலியும் சேர்ந்தே இருந்ததா? கர்ப்பப்பைச் சுவருக்குள்ளேயே உள்படலம் ஊடுருவியிருக்கும் அடினோமயோசிஸ் இருந்தால், மேலே பொசுக்குவதால் ரத்தம் குறையலாம், வலி போகாது. "எனக்கு முக்கியத் தொந்தரவு வலிதான்" என்பவர்கள் அதைத் தெளிவாகச் சொன்னால் டாக்டரே வேறு வழி பேசக்கூடும். வயது 40-க்குக் கீழே இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. மாதவிடாய் நிற்க இன்னும் பல வருடம் இருப்பதால், பின்னாளில் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வருவது இவர்களுக்கு அதிகம்.

ஸ்கேனும், உள்படலத்தில் சதை எடுத்துப் பார்த்த பயாப்ஸி ரிப்போர்ட்டும் கைக்கு வராமல் தேதி வாங்காதீர்கள். புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ இருந்து, அதன் மேலேயே பொசுக்கிவிட்டால் அது தழும்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

2. வீட்டில் தயார் செய்ய வேண்டியவை

பெரிய சைஸ் பேட் மூன்று பாக்கெட், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர், வெந்நீர்ப் பை, ஒரு சின்ன நோட்டு. தெர்மாமீட்டர் இல்லாத வீடுகள்தான் அதிகம். "உடம்பு கொஞ்சம் சுடற மாதிரி இருக்கு" என்று போனில் சொன்னால் என்னால் ஒன்றும் முடிவு செய்ய முடியாது. 100.4 என்று சொன்னால் முடியும்.

இட்லி மாவு அரைத்து வைப்பது, சிலிண்டர் மாற்றுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது ஆகிய மூன்றுக்கும் ஒரு வாரத்துக்கு வேறு ஆள் ஏற்பாடு செய்யுங்கள். முதல் 24 மணி நேரம் கூட ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். மயக்க மருந்து முழுவதும் இறங்காத நேரத்தில் தனியாகக் குளியலறைக்குப் போய் விழுந்தவர்கள் உண்டு.

வீட்டாரிடம் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "வெளியில தையல் இல்ல, ஆனா உள்ள தீக்காயம் மாதிரி இருக்கும்." தழும்பு கண்ணில் படாத ஆபரேஷனுக்கு நம் வீடுகளில் ஓய்வு கிடைப்பதில்லை. சிசேரியன் என்றால் ஒரு மாதம் தாங்குகிற அதே மாமியார், இதற்கு மறுநாள் காலையிலேயே காபி எதிர்பார்ப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, யாரும் அவருக்கு விளக்கவில்லை.

3. முதல் 6 மணி நேரம்

உள்படலத்தைப் பொசுக்கும்போது அங்கிருந்து ப்ராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் வெளியாகிறது. அது கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிறது. அதனால்தான் மாதவிடாய் வலி போலவே, ஆனால் அதைவிடப் பலமாக, அடிவயிறும் இடுப்பும் முறுக்கும். ரேடியோ அதிர்வலை முறை இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், பலூன் முறைக்குக் கருவியைப் பொறுத்துச் சில நிமிடங்கள் ஆகும். "ரெண்டு நிமிஷ வேலைதானே" என்று வலியையும் அந்தக் கணக்கில் எதிர்பார்க்காதீர்கள்.

வலி மாத்திரையோ ஊசியோ பெரும்பாலும் செய்வதற்கு முன்பே கொடுத்துவிடுவார்கள். இந்த வேதிப்பொருள் உருவாவதையே தடுக்கும் மருந்து என்பதால், முன்னால் கொடுத்தால்தான் முழுப் பலன்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டவர்கள் செய்யும் வழக்கமான தவறு ஒன்று உண்டு. இடுப்புக்குக் கீழே மரத்திருக்கும்போது "வலியே இல்ல சிஸ்டர், மாத்திரை வேணாம்" என்பார்கள். மரப்பு இறங்கும்போது மொத்த வலியும் ஒன்றாக வந்து நிற்கும். வாய்வழி மாத்திரை வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரமாகும். கால் விரல்களை அசைக்க முடிகிற நேரத்திலேயே அடுத்த மருந்தைக் கேளுங்கள்.

குமட்டல், லேசான நடுக்கம், அடிக்கடி சிறுநீர் வருவது போன்ற உணர்வு எல்லாம் முதல் நாள் சகஜம். சிறுநீர் போகாமல் மட்டும் வார்டை விட்டுக் கிளம்ப வேண்டாம். மரத்துப்போன சிறுநீர்ப்பை நிரம்பி நின்றால் அதுவே தனி வலியாகும், வீட்டில் நள்ளிரவில் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

கிளம்பும் முன் டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த முறையில் செய்தார்கள் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள்.

4. முதல் 3 நாள்: மாத்திரையைக் கடிகாரத்தோடு கட்டுங்கள்

பலர் தவறு செய்வது இங்கேதான். வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு மாத்திரை போட்டால் அது மெதுவாகத்தான் இறங்கும். முதல் 48 மணி நேரம், எழுதிக் கொடுத்த இடைவெளியில், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து தேவைக்கு மட்டும் போதும்.

பொதுவாக இரண்டு வகை எழுதுவார்கள். ஒன்று மெஃபனாமிக் ஆசிட், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை. இன்னொன்று பாராசிட்டமால். வேலை செய்யும் விதம் வேறு என்பதால் இரண்டையும் சேர்த்துப் போடலாம், சேர்ந்தால் பலனும் அதிகம். முதல் வகைக்குள்ளேயே இரண்டைச் சேர்க்கத்தான் கூடாது. வலி நிவாரணம் அதிகமாகாது, வயிற்றுப் புண்ணும் சிறுநீரகச் சுமையும் மட்டும் கூடும்.

தெரிந்தே யாரும் இதைச் செய்வதில்லை. மெடிக்கல் ஷாப்பில் பெயர் மாறி வருவதால்தான் நடக்கிறது. எழுதிக் கொடுத்தது மெஃப்டால். வலி அடங்கவில்லை என்று வீட்டிலிருந்த வோவெரானையும் போடுகிறார்கள். இரண்டும் ஒரே வகை. காம்பிஃப்ளாமில் ஐபுபுரூஃபனோடு பாராசிட்டமாலும் இருக்கிறது, ஜீரோடால் பி-யில் அசிக்ளோஃபெனாக்கோடு பாராசிட்டமால் இருக்கிறது. அதற்கு மேல் டோலோ 650 என்று போட்டால் பாராசிட்டமால் இரண்டு வழியாக உள்ளே போகிறது. நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்கே 24 மணி நேரத்தில் மொத்தம் 4 கிராம்தான் மேல் எல்லை. எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் தொந்தரவு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. அட்டையின் பின்பக்கம் உள்ள மருந்துப் பெயரைப் படிக்கப் பழகுங்கள், அல்லது அட்டையைப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள்.

வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள்: முதல் வகை உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் சாப்பிட்ட பிறகு போட்டால் போதும். சாப்பிட முடியாத அளவு குமட்டலா? இரண்டு இட்லி, கொஞ்சம் மோர் சாதம், அதுவே போதும்.

நோட்டில் நேரம், மாத்திரை, வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று மூன்று விஷயம் எழுதுங்கள். அரைத் தூக்கத்தில் இரவு 2 மணிக்குப் போட்டது காலையில் நினைவிருக்காது. அந்த மார்க்கின் பயன் 6-ஆம் பகுதியில் வரும்.

வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி 15 நிமிடம் அடிவயிற்றிலும் இடுப்பிலும் வையுங்கள். மரப்பு முழுக்க இறங்கும்வரை வைக்க வேண்டாம், சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். நாள் முழுவதும் படுத்தும் கிடக்காதீர்கள். வீட்டுக்குள் மெல்ல நடப்பது கால் நரம்பில் ரத்தம் கட்டாமல் காக்கும், வாயுவும் கலையும். டிரமடால் போன்ற பலமான வலி மாத்திரை கொடுத்திருந்தால் மலச்சிக்கல் வரும். முக்கினால் அடிவயிற்று வலி இன்னும் ஏறும், ஆகவே தண்ணீரும் வாழைப்பழமும் முதல் நாளிலிருந்தே.

5. கசிவு: எது இயல்பு

முதல் ஓரிரு நாள் லேசான ரத்தம். பிறகு இளஞ்சிவப்பாக, தண்ணீர் தண்ணீராக வரும். அது பழுப்பாகி 2 முதல் 4 வாரத்தில் நிற்கும். பொசுங்கிய படலம் உரிந்து வெளியேறுவதுதான் இது. ஒரு நாள் நின்று மறுநாள் மறுபடி வந்தாலும் பரவாயில்லை.

பேட் மட்டும்தான். டாம்பூன், கப் வேண்டாம். வேப்பிலைத் தண்ணீர், டெட்டால் கலந்த நீர் எதையும் உள்ளே பீய்ச்சிக் கழுவாதீர்கள். ஆறாத புண்ணுக்குள் கிருமியைத் தள்ளிவிடுவதுதான் நடக்கும். சாதாரணத் தண்ணீரில் வெளிப்புறம் கழுவினால் போதும். தலைக்குத் தாராளமாகக் குளிக்கலாம். குளம், நீச்சல் குளம் மட்டும் கசிவு நிற்கும்வரை வேண்டாம்.

6. எப்போது போன், எப்போது ஆஸ்பத்திரி

வலி எவ்வளவு என்பதைவிட எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். முதல் நாள் 8, இரண்டாம் நாள் 5, மூன்றாம் நாள் 3 என்றால் அந்த 8 எனக்குக் கவலை தராது. முதல் நாள் 4, இரண்டாம் நாள் 3, மூன்றாம் நாள் 6 என்று ஒருவர் சொன்னால் அந்த 6 தூக்கத்தைக் கெடுக்கும். குறைந்த வலி திரும்ப ஏறினால் கிருமித் தொற்றாக இருக்கலாம். அபூர்வமாக, கர்ப்பப்பையில் ஓட்டை விழுந்தோ குடல் சுட்டோ இருக்கலாம். குடல் காயம் அன்றே தெரியாமல், சில நாள் கழித்தும் வெளிப்படும்.

உடனே நேரில் வர வேண்டியவை: மாத்திரைக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி, 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல், வயிறு உப்பிக் கல்லாக இறுகுவது, நிற்காத வாந்தி, துர்நாற்றமுள்ள கசிவு, மணிக்கு ஒரு பேட் முழுசாக நனைந்து அதுவே இரண்டு மணி நேரம் தொடர்வது, சிறுநீர் வராமல் போவது, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. இரவா பகலா என்று பார்க்க வேண்டாம். எமர்ஜென்சியில் இருப்பவர் புதியவராக இருந்தால் "கர்ப்பப்பைக்குள் சூடு வைத்துச் செய்தது, இத்தனை நாள் ஆகிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வெறும் "வயித்து வலி" என்றால் கேஸ் மாத்திரையோடு திருப்பி அனுப்ப வாய்ப்புண்டு.

7. வேலைக்கும் தாம்பத்தியத்துக்கும் திரும்புவது

உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் பலர் 2 முதல் 5 நாளில் போய்விடுகிறார்கள். நாள் முழுக்க நிற்கும் ஜவுளிக்கடை, சுமை தூக்கும் வேலை என்றால் ஒரு வாரம் லீவு கேளுங்கள். மயக்க மருந்துக்குப் பின் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான காகிதத்தில் கையெழுத்தும் போடக் கூடாது.

தாம்பத்தியம் பொதுவாக 2 வாரம் கழித்து, அதுவும் கசிவு நின்ற பிறகு. உங்கள் டாக்டர் வேறு கணக்குச் சொன்னால் அதுவே கணக்கு. இதைக் கணவரிடம் சொல்லக் கூச்சப்படுபவர்கள் டிஸ்சார்ஜ் சமயத்தில் கண்ணைக் காட்டினால் போதும், நானே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். எந்த வார்டிலும் ஒரு நர்ஸ் இதைச் செய்வார்.

8. ரத்தசோகையை மறக்காதீர்கள்

வருடக்கணக்கில் கட்டி கட்டியாக ரத்தம் போன உடம்பு. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகைதான். வலி போன பிறகும் படியேற மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றால் ஆபரேஷன் சரியாகவில்லை என்று அர்த்தமல்ல. இரும்புச்சத்து இன்னும் ஏறவில்லை. ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் 3 மாதம் மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள், கையிருப்பு நிரம்புவதற்காக. டீ, காபி, பால் இவற்றோடு சேர்த்துப் போடாதீர்கள். எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

9. முதல் 3 மாதம்: தீர்ப்பு எழுதாதீர்கள்

முதல் மாதவிடாய் கனமாக வந்ததும் "பணம் தண்டம்" என்று அழுதவர்கள் மூன்றாம் மாதம் ஒரு பேடோடு முடித்திருக்கிறார்கள். புண் ஆறித் தழும்பாக நாள் எடுக்கும். சிலருக்கு மாதவிடாய் முற்றிலும் நின்றுவிடும், பலருக்குக் குறைவாக வரும், கொஞ்சம் பேருக்குப் பலனே இருக்காது. நிற்பதுதான் வெற்றி என்று எண்ண வேண்டாம். தாங்கும் அளவுக்குக் குறைந்தாலே நோக்கம் நிறைவேறியது. சினைப்பையை யாரும் தொடவில்லை என்பதால், ரத்தம் நின்றாலும் ஹார்மோன் சுழற்சி ஓடிக்கொண்டுதான் இருக்கும். மாதவிடாய்க்கு முந்தைய மார்பு வலி, எரிச்சல் எல்லாம் அப்படியே வரும்.

10. பல மாதம் கழித்து மாதாமாதம் வரும் வலி

உள்படலம் முழுவதும் அழிவதில்லை. முக்கியமாக, கருக்குழாய்கள் வந்து சேரும் இரண்டு மேல் மூலைகளில் கொஞ்சம் தங்கிவிடலாம். அது மாதாமாதம் கசியும். கீழே தழும்பு ஒட்டி வழி அடைத்திருந்தால் ரத்தம் வெளியேற இடமில்லாமல் உள்ளேயே தேங்கி, சுவரை இழுத்து வலிக்கும். வெளியே ஒரு சொட்டுகூட வராது. ஆகவே "ரத்தமே வரலையே, பீரியட்ஸ் வலியா எப்படி இருக்கும்" என்று நோயாளியும் வீட்டாரும் சேர்ந்து வாயுத் தொல்லைக்கு ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

குடும்பக்கட்டுப்பாடு செய்தவர்களுக்கு இன்னொரு வடிவம். மூலையில் கசியும் ரத்தம் கீழேயும் போக முடியாமல், குழாய் கட்டப்பட்டிருப்பதால் மேலேயும் போக முடியாமல், குழாயின் அடிப்பகுதியை வீங்க வைக்கும். ஒரு பக்கமாகவோ இரு பக்கமுமாகவோ, குத்துவது போல, குறிப்பிட்ட நாட்களில் வரும். 1993-லேயே மருத்துவ இதழில் விவரிக்கப்பட்ட சிக்கல் இது. இருந்தும், முதல் சந்திப்பில் நோயாளி குடும்பக்கட்டுப்பாட்டைச் சொல்லாததால் கண்டுபிடிக்க நாளாகிறது.

செய்ய வேண்டிய வரிசை இதுதான். முதலில் வலி வரும் தேதிகளை இரண்டு மூன்று மாதம் காலண்டரில் குறியுங்கள். இடைவெளி மாதவிடாய்ச் சுழற்சியோடு ஒத்துப்போகிறதா என்று அப்போது தெரியும். தாங்க முடியாத வலி என்றால் குறித்துக்கொண்டிருக்காமல் உடனே வாருங்கள்.

அடுத்து, வலி இருக்கும் நாளிலேயே ஸ்கேன். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். வலி அடங்கி ஒரு வாரம் கழித்து அப்பாயின்ட்மென்ட் வாங்கினால் தேங்கிய ரத்தம் வற்றி, ரிப்போர்ட் "நார்மல்" என்று வரும். பிறகு "உனக்கு மனசுலதான் வலி" என்ற பட்டமும் வரும். ஸ்கேனில் பிடிபடாவிட்டால் எம்.ஆர்.ஐ. கேட்பார்கள்.

அதற்குப் பிறகு டாக்டர் முடிவு. சினைமுட்டை வெளியேற்றத்தை அடக்கும் ஹார்மோன் மருந்து, கருவி விட்டு ஒட்டலைப் பிரித்து ரத்தத்தை வெளியேற்றுவது, கடைசியாகக் கர்ப்பப்பையை எடுப்பது. அந்தக் கடைசி வழி வந்தால் "அன்னிக்கே எடுத்திருக்கலாம்" என்று வீட்டில் ஒருவர் சொல்வார். அன்றைக்குக் கையிலிருந்த தகவலுக்கு அன்றைய முடிவு சரிதான், தலையைக் குனிய வேண்டாம்.

11. அதற்குப் பிறகும் நினைவில் வைக்க வேண்டியவை

மாதவிடாய் வராததால் கர்ப்பம் தெரியாமல் போகலாம். குமட்டல், மார்புக் கனம் என்றால் வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கர்ப்பப்பை வாய்க்கான பாப் ஸ்மியர் வழக்கம்போலத் தொடர வேண்டும், அந்த இடத்தை அப்லேஷன் தொடவே இல்லை. மெனோபாஸ் காலத்தில் ஹார்மோன் சிகிச்சை எடுத்தால் ஈஸ்ட்ரோஜன் தனியாகக் கூடாது, ப்ரொஜெஸ்டரோனும் சேர்ந்திருக்க வேண்டும். மிச்சமிருக்கும் உள்படலம் ஈஸ்ட்ரோஜனுக்கு வளரும். மெனோபாஸ் ஆகி மாதவிடாய் முற்றிலும் நின்ற பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் காட்டிவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியை ரேஷன் கார்டு இருக்கும் கோப்பிலேயே போட்டு வையுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் ஒரு டாக்டர் பயாப்ஸி எடுக்க முயன்று, உள்ளே தழும்பு ஒட்டியிருப்பதால் கருவி போகாமல் நிற்கும்போது, முன்பு என்ன செய்தார்கள், எந்த முறையில், எந்தத் தேதியில் என்று கேட்பார்.